அம்மா சொல்லாத ஐஸ் மழை

நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட் வளாகத்தில் என் அம்மாவுக்கு ‘ஸ்னோ அக்கா’ என்று பெயர். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவின் சொந்தப் பெயர் பாதிப்பேருக்கு மறந்தே போயிருந்தது. லாண்டரி அறையில், ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில், இந்தியன் கடையில் வெண்டைக்காய் பொறுக்கும்போது, யாராவது அவளை நிறுத்தி, “அக்கா, வியாழக்கிழமை ஸ்னோ உண்டா?” என்பார்கள். அம்மா கையிலிருக்கும் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு, “இப்போதைக்கு வாய்ப்பு இருக்கு. நாளைக்குக் காலைல கேளுங்க, இன்னும் கொஞ்சம் சரியா சொல்றேன்” என்பாள். கேட்டவர்கள் ஏதோ பெரிய டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்ததுபோலத் திருப்தியாகப் போவார்கள்.

அம்மா பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள். கல்யாணமாகி அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு நியூ ஜெர்சி வந்தாள். அந்த விசாவில் மனைவி சமைக்கலாம், துவைக்கலாம், பிள்ளை பெறலாம், சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக்கூடாது. முதல் குளிர்காலம் முழுவதும் மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்திருக்கிறாள். இரண்டாவது குளிர்காலத்தில் பால்கனிக் கம்பியில் ஒரு வெப்பமானியைக் கட்டினாள். மூன்றாவதில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வந்தது. காற்றின் திசை, மேகம், காலை வெப்பம், மாலை வெப்பம். பிறகு கம்ப்யூட்டரில் அமெரிக்க வானிலை மாடல், ஐரோப்பிய வானிலை மாடல் என்று வண்ண வண்ண வரைபடங்கள். இரண்டு மாடல்களையும் ஒத்துப்போகாத இரண்டு சம்பந்திகளைப்போலத்தான் அவள் பேசுவாள். “அமெரிக்காக்காரன் எப்பவும் அவசரக்குடுக்கை. ஐரோப்பாக்காரன் என்ன சொல்றான்னு பார்ப்போம்.”

தினமும் மாலை ஆறு மணிக்கு வளாகத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுவில் அவளுடைய செய்தி வரும். நாலைந்து வரிதான். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: ‘இது ஓர் அமெச்சூரின் கணிப்பு. அரசாங்க எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்ளவும்.’ அந்த வரியைப் படித்து அப்பா ஒவ்வொரு நாளும் சிரிப்பார். “சிகரெட் பாக்கெட்ல போடற மாதிரி போடறா பாரு உங்கம்மா” என்று என்னிடம் சொல்வார். கேலிதான், ஆனால் ஆபீஸ் கிளம்புமுன் “கார்ல ஐஸ் சுரண்டணுமா?” என்று அவரும் அவளைத்தான் கேட்பார்.

குழுவில் அம்மாவை முழுசாக நம்பியவர் அடுத்த கட்டடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு, சிநேகிதிகள். ஆன்ட்டி வாரத்துக்கு நான்கு நாள் நெடுஞ்சாலையில் காரோட்டி வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் அம்மாவின் செய்தியைப் பார்த்துத்தான் அரைமணி முன்னால் கிளம்புவதா, ஒருமணி முன்னால் கிளம்புவதா என்று முடிவு செய்வார். “டிவிக்காரன் முழு ஸ்டேட்டுக்கும் சொல்லுறான். இவ என்ர ரோட்டுக்குச் சொல்லுறாள்” என்பார். அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் ஒன்பதாவது வயதில் வந்த பொங்கல் விழாவுக்கு எங்கள் ஆறு பேருக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

விழா சனிக்கிழமை. ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அப்பா அந்த வருஷம் தமிழ்ச் சங்கச் செயலாளர். இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா குழுவில் போட்டாள்: சனிக்கிழமை ஆறு அங்குல ஸ்னோ வர வாய்ப்பு. குழு கொந்தளித்துவிட்டது. அப்பாவின் போன் ஓயாமல் அடித்தது. விழா உண்டா, இல்லையா? புதன்கிழமை புயலின் பாதை கொஞ்சம் மேற்கே நகர்ந்தது. கடல்பக்கத்துச் சூடான காற்று உள்ளே வரும், எனவே வெறும் மழை என்று அம்மா எழுதினாள். வியாழக்கிழமை திரும்பவும் கிழக்கே. முதலில் மழை, பிறகு இரண்டு அங்குல ஸ்னோ. குழுவில் ஓர் அங்கிள், “அக்கா, பூவா தலையா போட்டுப் பார்த்துச் சொல்றீங்களா?” என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு சிரிக்கும் மூஞ்சி போட்டாள். அப்பாவால் சிரிக்க முடியவில்லை. இருநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது. தலைமை விருந்தினர் வேறு ஸ்டேட்டிலிருந்து வருகிறார்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா மறுபடியும் மழை என்றாள். ‘விழாவுக்குத் தாராளமாக வரலாம்.’ அப்பா அன்றைக்குத்தான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். “போதும். இனிமே மாத்தாதே” என்றார்.

சனிக்கிழமை காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நடுநடுவே எழுந்து பால்கனிக்குப் போய்வந்தாள். முப்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட், உறைநிலைக்கு நாலு டிகிரிதான் மேலே. காற்று வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. “மேல சூடான காத்து, கீழ குளிர்ந்த காத்து. மேலேருந்து மழையாத்தான் விழும், தரையைத் தொட்ட உடனே ஐஸாயிடும்” என்று எனக்கோ தனக்கோ சொல்லிக்கொண்டாள். பிறகு மடியில் போனை வைத்துத் தட்டச்சு செய்தாள். செய்து முடித்ததும் வழக்கம்போல என்னிடம் நீட்டி, “படி” என்றாள். தமிழ் படிக்கப் பழகுவதற்காக அவளுடைய செய்திகளை நான்தான் முதலில் வாசிக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்.

‘மூன்றரை மணிக்கு மேல் மழை உறைய வாய்ப்பு உள்ளது. ரோடு பார்க்க ஈரமாகத்தான் தெரியும். வண்டி நிற்காது. மூன்று மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது.’

படுக்கையறையிலிருந்து அப்பா வேட்டியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“அனுப்பாதே. மூணு மணிக்குத்தான் சீஃப் கெஸ்ட் பேசவே ஆரம்பிப்பார். பாதி ஹால் எழுந்து போயிடும்.”

“ரோடு ஐஸாயிடும்ங்கறேன்.”

“டிவில மழைன்னுதானே போட்டிருக்கான்? நமக்கு வடக்கே இருக்கற மாவட்டத்துக்குத்தான் ஐஸ் வார்னிங்.”

“அந்த வடக்கு எங்க முடியுதுங்கறதுதான் கேள்வி. பத்து மைல் கீழ வந்தா நாமதான்.”

“நிச்சயமா வருமா?”

அம்மா பால்கனிப் பக்கம் பார்த்தாள். “நிச்சயம்னு எப்படிச் சொல்றது? பாதிக்குப் பாதி.”

“நாலு நாள்ல நாலு தடவை மாத்தி மாத்திச் சொல்லிட்டே. இன்னிக்குக் காலைல அஞ்சாவதா ஒண்ணு சொன்னா சிரிப்பாங்க. உன்னை இல்ல, என்னை.”

அப்பா கத்தவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் கோலாட்டம் மூன்றரை மணிக்கு. மூன்று மணிக்கு எல்லோரும் போய்விட்டால் எங்களை யார் பார்ப்பது? நான் வீட்டில் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். அம்மாவிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்கு வந்தது.

“அனுப்பாதம்மா. ப்ளீஸ்மா.”

அம்மா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதி ஜடையைப் பின்னி முடித்தாள்.

விழா நன்றாகத்தான் நடந்தது. தலைமை விருந்தினர் மூன்று மணிக்குப் பேச ஆரம்பித்து மூன்றேமுக்கால் வரை பேசினார். மேடைப் பக்கவாட்டில், வெள்ளிக் காகிதம் சுற்றிய கோல்களோடு நாங்கள் ஆறு பேரும் நின்றிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் அரங்கத்தின் வெளிக்கதவு தெரியும். அம்மா பட்டுப்புடவையோடு, கோட்டுகூட இல்லாமல், திரும்பத் திரும்ப வெளியே போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும், முதலில் ஐஸ் படியும் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். உள்ளே வந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மறுபடி எழுந்தாள்.

நாங்கள் ஆடியபோது நாலு மணி தாண்டியிருந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டம் முடிந்ததும் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி அவசர அவசரமாக எங்கள் சலங்கைகளைக் கழற்றிப் பையில் போட்டார். அன்று ஐந்து மணிக்கு அவருக்கு டியூட்டி. மகளை வழியில் வீட்டில் இறக்கிவிட்டுப் போகவேண்டும். விட்டுப்போன என் ஒற்றைச் சலங்கையைக் கொடுப்பதற்காக நான் கதவுவரை ஓடினேன். கதவருகே அம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டடி தள்ளி அப்பா, தலைமை விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, வெளியில மழை மட்டும்தானே?” என்று ஆன்ட்டி கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். அவளுடைய கண் ஒரு கணம் அப்பாவின் பக்கம் போனது. அப்பா எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

“மழைதான் அக்கா. எதுக்கும் மெதுவா போங்க.”

“நீர் சொன்னாச் சரி. போட்டு வாறன்.”

நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று சிநேகிதிக்குக் கையாட்டினேன். அவள் பின் சீட்டில் இருந்து ஒரு கோலைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் பாதை நல்ல சரிவு. கார் சரிவில் இறங்கியது. பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன. பிரேக் போட்டுவிட்டார். ஆனால் கார் நிற்கவில்லை. விளக்கு எரிந்தபடியே, சத்தமேயில்லாமல், யாரோ கீழிருந்து கயிறு கட்டி மெதுவாக இழுப்பதுபோல அது போய்க்கொண்டிருந்தது. பாதிச் சரிவில் பக்கவாட்டாகத் திரும்பியது. அப்போதும் அது ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். கார் பெரிய ரோட்டில் போய் நடுவில் நின்றது. வலப்பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. அதுவும் நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. அரங்கத்துக்குள் மைக்கில் யாரோ நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

கதவருகே இருந்தவர்கள் ஓடினார்கள். முதல் ஆள் படிக்கட்டிலேயே விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த அங்கிள் விழுந்தார். பட்டுப்புடவைகள், சில்க் ஜிப்பாக்கள், ஒருவர்மேல் ஒருவராக. அப்பா பாதித் தூரம் போய் வழுக்கி விழுந்து, எழ முயன்று, மறுபடி விழுந்து, கடைசியில் வேட்டியோடு நாலு காலில் தவழ்ந்து போனார். நான் சிரித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கார் நசுங்கிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அப்பா தவழ்வதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தேன். பிறகு என் கால்வழியே வெதுவெதுவென்று ஏதோ இறங்கியது. பாவாடை நனைந்துபோனது.

அம்மா ஓடவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி முதல் படியில் நின்றாள். மழை விழுந்துகொண்டிருந்தது. பார்க்க வெறும் மழைதான். அவள் கையை எடுத்தபோது உள்ளங்கை ஐஸ் படிந்த கம்பியோடு ஒட்டிக்கொண்டு மெல்லத்தான் பிரிந்து வந்தது.

தீயணைப்பு வீரர்கள் வந்து கார் கதவை வெட்டி எடுத்தார்கள். சிநேகிதிக்கு நெற்றியில் ஒரு கீறல்தான். ஆன்ட்டிக்கு இடப்பக்கத் தொடை எலும்பும் இடுப்பும் உடைந்திருந்தன. எந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்பினாரோ அதே ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனார்கள்.

ஐஸ் உருக ரோட்டில் உப்புப் போட்ட பிறகு நாங்களும் போனோம். ஆன்ட்டியின் கணவர் ஜெர்சி சிட்டியில் வேலையிலிருந்து ரயிலும் டாக்ஸியுமாக வந்து சேர்ந்திருந்தார். சாது. யார்மீதும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. காத்திருப்பு அறையில் அம்மாவைக் கண்டதும் எழுந்து வந்தார். குற்றம்சாட்டும் குரலில்லை. நம்பமுடியாத ஒன்றை உறுதி செய்துகொள்பவர்போலத்தான் கேட்டார்.

“தங்கச்சி, உங்களுக்குமே தெரியாமல் போச்சுதோ?”

“தெரியல அண்ணா” என்றாள் அம்மா. “மழைதான்னு நெனச்சேன். தப்பாக் கணிச்சுட்டேன்.”

என் நெஞ்சுக்குள்ளே அந்தக் கார் மறுபடி வழுக்கியது. கார் மோதியதைப் பார்த்தபோதுகூட நான் அப்படி அதிர்ந்துபோகவில்லை. அரை அங்குல ஸ்னோவுக்குக்கூட ‘நிச்சயமில்லை’ என்று எழுதுகிற என் அம்மா, நூறு சதவீதம் பொய்யான ஒன்றை, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்கிறாள்.

“நோ” என்றேன் நான். “தட்ஸ் நாட் ட்ரூ. யூ நியூ! உனக்குத் தெரியுமே! மெசேஜ்ல எழுதினியே, நான்தானே படிச்சேன்!”

ஆன்ட்டியின் கணவர் என்னைப் பார்த்தார். அப்பா சுவரோரம் இருந்த பானம் விற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எதை வாங்குவதென்று யோசிப்பவர்போல. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“குழந்தை ரொம்பப் பயந்துபோயிருக்கா. என்னமோ உளர்றா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆன்ட்டிக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தது. வாட்ஸாப் குழுவில் சிலர் “பாவம், அவங்க அமெச்சூர்தானே” என்றார்கள். சிலர் “இதைக்கூடச் சொல்லத் தெரியாம தினமும் எதுக்குப் போஸ்ட்?” என்றார்கள். பூவா தலையா என்று கேட்ட அங்கிள் ஒன்றும் எழுதவில்லை. அம்மா எல்லாவற்றையும் படித்தாள். ‘மன்னிக்கவும்’ என்று ஒரே வார்த்தை போட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகினாள். பால்கனி வெப்பமானியை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். அப்பா எதையும் தடுக்கவில்லை. அம்மாவின் அடுத்த பிறந்தநாளுக்கு, காற்றின் வேகமும் மழையின் அளவும் தானாகவே காட்டும் பெரிய கருவி ஒன்றை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். “தேங்க்ஸ்” என்று சொல்லி, பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள்.

ஏப்ரலில் ஒருநாள் ஆன்ட்டி வாக்கரை ஊன்றி எங்கள் வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியும் ஏறி வந்திருந்தார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, “இனி ஸ்னோ கினோ வருமோ தங்கச்சி?” என்று கேட்டார்.

“டிவில பாருங்க அக்கா” என்றாள் அம்மா.

ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இஞ்ச பாரும். உம்மில ஒரு பிழையும் இல்லை. தெரிஞ்சிருந்தா நீர் சொல்லாமல் விட்டிருப்பீரோ?”

அம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. ஆன்ட்டி மன்னித்துவிட்ட சந்தோஷத்தில் அம்மா அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

அம்மா அப்பாவைக் காப்பாற்றுவதற்காகத்தான் பொய் சொன்னாள் என்று அந்த வயதில் நானே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டேன். அதனால் அப்பாமேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. ‘அனுப்பாதம்மா’ என்று கெஞ்சிய இன்னொரு ஆளை வசதியாக மறந்தும்போனேன். காலேஜுக்குப் போன பிறகு, ஒரு விடுமுறையில் அம்மாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

“அப்பாவுக்காகத்தானே அன்னிக்கு அப்படிச் சொன்னே?”

அம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டை உதறி மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

“அப்பா காலைல மெசேஜ் அனுப்பாதேன்னு சொன்னார். அவ்வளவுதான். கதவுகிட்ட நின்னு அவ என்னைக் கேட்டப்ப அப்பாவா பதில் சொன்னார்?”

மீதித் துணிகளை மடித்து முடித்தோம்.

கணிக்கத் தெரியாதவள் என்று ஊரே சொல்வதை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லாதவள் என்ற பெயருக்குப் பயந்து அவள் புகுந்து ஒளிந்துகொண்ட இடம் அதுதான். ஆஸ்பத்திரியில், எல்லோர் முன்னாலும், நான் அந்த இடத்தின் கதவைத்தான் திறக்கப்பார்த்தேன். உண்மையைச் சொல்லி அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.